லஸ் முனை வரை போன மாப்பிள்ளை

மயிலாப்பூர்
4-8-2024

சிரஞ்சீவி ஜம்புவுக்கு ஸ்ரீகண்டன் ஆசீர்வாதம். இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், ஆனாலும் பழக்கதோஷம், அப்படித்தான் எழுத வருகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். செவ்வாய்க்கிழமை நீ கத்தினதற்கு அப்புறம், போனில் உன் பெயர் வந்தாலே எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்கிறது. அதனால் எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. கடிதத்தில் உன்னால் கத்த முடியாது.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கே மறந்திருக்கும். "திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுத்துண்டு தூங்கினேளாமே! பாத்தவா வந்து சொல்றா. எனக்கு மானம் போறது. பரதேசி மாதிரி இப்படிப் பஸ் பஸ்ஸா ஏறி எறங்கிண்டு..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை, வைத்துவிட்டேன்.

தூங்கினது உண்மைதான். உன் அக்கா போனதிலிருந்து இந்த வீட்டில் பகல் பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. வயசானவர்களுக்கு அரசாங்கம் பஸ் டோக்கன் கொடுக்கிறது. ஏறினால் கடைசி நிறுத்தம் வரை போவேன், அங்கே ஒரு டீ குடிப்பேன், அதே பஸ்ஸில் திரும்புவேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்காருவார்கள். பேசாவிட்டால்கூடப் பரவாயில்லை, உட்காருவார்கள். சந்திரிகா இருந்தவரை பக்கத்தில் ஆள் இருப்பது ஒரு விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

இன்னொரு சமாச்சாரம். வீட்டுக்காரரின் மகன் அச்யுத் வந்திருந்தான். இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். நல்ல பையன், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக, நீ சொன்ன வார்த்தை தை மாசம் எனக்குச் சரியாகப் பொருந்திவிடும். என்ன அர்த்தத்தில் சொன்னாய் என்று மட்டும் எழுது. கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்ரீகண்டன்


அடையாறு
17-8-2024

அத்திம்பேருக்கு ஜம்புநாதன் அநேக நமஸ்காரம். இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. வாய் தவறி வந்துவிட்டது. அர்த்தமாவது ஒன்றாவது! ஆட்டோக்காரன் சொல்கிறான், சினிமாவில் சொல்கிறார்கள், ஊரெல்லாம் சொல்கிற வார்த்தை. நாக்கில் சனி. சந்திரிகா அக்கா இருந்திருந்தால் கரண்டியால் ஒன்று போட்டிருப்பாள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? உங்களை அந்தப் பேரில் முதலில் நிறுத்தினது நானில்லை, நம் சாஸ்திரம். நம்மவர்கள் கல்யாணத்தில் பரதேசிக் கோலம் போடாத மாப்பிள்ளை உண்டா? பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, கையில் குடை, தடி, விசிறி, தோளில் அரிசி மூட்டை. "எனக்கு சம்சாரமே வேண்டாம், காசிக்குப் போறேன்" என்று நாலு அடி நடப்பார். பெண்ணைப் பெற்றவர் தேங்காயோடு குறுக்கே வந்து, "காசிக்குப் போகாதேயும், என் பெண்ணைத் தரேன்" என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வருவார். ஊர் மாப்பிள்ளைகள் எல்லாம் நாலடியில் திரும்பினார்கள். மண்டபத்தை விட்டு லஸ் முனை பஸ் நிறுத்தம் வரை போன மாப்பிள்ளை உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான்! அப்பா காலமாகிவிட்டதால் உங்களைத் தடுக்க வேண்டியவன் நான். நானோ போட்டோக்காரருக்கு ஃபிலிம் ரோல் வாங்க ஓடிவிட்டேன். இன்றைக்கும் நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மாடி அறை இருக்கவே இருக்கிறது. எங்காத்தும் உங்காத்தும் ஒன்றுதானே? எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பெஞ்சில் தூங்காதீர்கள். கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஜம்பு


மயிலாப்பூர்
25-8-2024

சிரஞ்சீவி ஜம்புவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. நீ எழுதும்போதும் சத்தமாகத்தான் எழுதுகிறாய், பேனா தாளைக் கிழித்திருக்கிறது. மாத்திரையை வேளைக்குப் போடு.

ஊரெல்லாம் சொல்கிற வார்த்தை என்றாய். சரி, ஊர் எப்படித்தான் சொல்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். வேலை இல்லாதவனுக்கு இதுவும் ஒரு வேலை.

மாட வீதியில் ஒரு வேன்காரன் சைக்கிளில் போனவரைப் பார்த்து, "யோவ் பரதேசி, ஊட்ல சொல்ட்டு வன்ட்டியா?" என்றான். இது எல்லோருக்கும் தெரிந்த உபயோகம். கபாலீஸ்வரர் கோயில் வாசலில் காவி கட்டின ஒருவரிடம், "நீங்கள் பரதேசியா?" என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆமா சாமி, நம்ம பொழப்பே அதான்" என்றார். வேற்று தேசத்தான், ஊர் விட்டு ஊர் வந்தவன், அவ்வளவுதான் ஆதி அர்த்தம். அதில் திட்டு எங்கே இருக்கிறது? வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு போடாமல் விரட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது திட்டாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்டதிலேயே என் மனசில் நின்றது தேவானை சொன்னது. என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், நீ பார்த்ததில்லை. ஆற்றங்கரைக் குடிசையைக் காலி பண்ணி ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள், அங்கேயிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். அன்றைக்கு மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னாடி, அந்தப் பரதேசி இன்னும் வர்லியா? எங்க சுத்திக்கினு கீதோ தெர்ல. சோறு ஆறிப் போவுது, தட்டு போட்டு மூடி வையி." புருஷன் வேலுவைத்தான் சொல்கிறாள். நான் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேலுவின் மேல் பொறாமையாக வந்தது, ஜம்பு. சோறு ஆறுகிறதே என்று யாராவது பதறினால், என்னை அந்தப் பேர் சொல்லி ஆயிரம் தடவை கூப்பிடலாம்.

சரி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மாடி அறைக்குத் தையில் வரட்டுமா? இந்த மாதிரிக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு கட்டில், சந்திரிகாவின் தையல் மிஷின், ரெண்டு பெட்டி. அவ்வளவுதான் சாமான். சமையல் நானே செய்துகொள்வேன். ரசம் இப்போது நன்றாக வருகிறது.

வேண்டுமானால் போனைக்கூட இனிமேல் எடுக்கிறேன்.

ஸ்ரீகண்டன்


அடையாறு
29-9-2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் கைக்கு வரவே நாளாகிவிட்டது, தபால்காரர் புதுசு.

மாடி அறையில் ஒழுகுகிறது. கொத்தனாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார். மழைக்காலம் வேறு வருகிறது. தீபாவளி கழியட்டும், பார்த்துச் சொல்கிறேன். நீங்களும் ஒரு பக்கம் வேறு இடம் விசாரித்து வையுங்கள். எதற்கும் இருக்கட்டுமே என்றுதான் சொல்கிறேன், வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

போன் வேண்டாம் அத்திம்பேர். கடிதமே நன்றாக இருக்கிறது. நிதானமாக யோசித்து எழுத முடிகிறது. போனில் நான் ஏதாவது உளறிவைப்பேன்.

தேவானை விஷயம் படித்துச் சிரித்தேன். எங்கம்மா கோபம் வந்தால் என்னை, "ஆண்டி, பண்டாரம், பரதேசி" என்று மூன்றையும் சேர்த்துத் திட்டுவாள். அப்புறம் தட்டில் நெய் விடுவாள். என் ஆத்துக்காரியும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கும் நெய் விடுகிறவர்கள் யாருமில்லை. டாக்டர் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் நஷ்டமில்லை.

ஜம்பு


மயிலாப்பூர்
6-10-2024

ஜம்புவுக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கொத்தனார்கள் அப்படித்தான். அவசரமில்லை. இனி மாடி அறையைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, நீயும் அதை நினைத்துச் சங்கடப்படாதே.

லஸ் முனைக் கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் கூடவே சிரிப்பேன். ஒருவரும் என்னிடம், நடந்துகொண்டிருந்தவனுக்கு என்ன தோன்றியது என்று கேட்டதில்லை. சந்திரிகா ஒருத்திதான் கேட்டாள். அவளும் போய்விட்டாள், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எனக்கு அப்பா அம்மா நினைவில்லை. மாமா வீட்டில் கொஞ்சம், சித்தப்பா வீட்டில் கொஞ்சம், அவர்களுக்கும் அலுத்தபோது ஒன்றுவிட்ட அத்தை வீட்டில். எங்கேயும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கூடத்தில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் போய் என் பெட்டியை எடுத்து வைத்துவிடுவேன். அவர்கள் சொல்லும் வரை காத்திருந்தால் அவர்களுக்குக் கஷ்டம் இல்லையா?

கல்யாணத்தன்று மந்திரம் சொல்லி வைத்த வாத்தியார் என் கையில் குடையைக் கொடுத்து, "நடங்கோ, திரும்பிப் பாக்கப்படாது, அவாளா வந்து கூப்பிடுவா" என்றார். நடந்தேன். மண்டப வாசல் வந்தது. யாரும் வரவில்லை. நாயனக்காரர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள், எல்லோரும் நான் விளையாடுகிறேன் என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. தானாகத் திரும்பினால் அபசகுனம் என்று பயம். மாட வீதியைத் தாண்டினேன். ஒரு பூக்காரம்மா நிஜப் பரதேசி என்று நினைத்துக் கையில் ஒரு வாழைப்பழம் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். லஸ் முனையில் பஸ் ஒன்று நின்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏறிவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். இவர்களும் கூடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டார்கள் போலிருக்கிறது, சொல்வதற்கு முன் நாமே போய்விடுவது மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது நீ ஓடி வந்தாய். கையில் ஃபிலிம் ரோல், வேஷ்டி பாதி அவிழ்ந்திருந்தது. காசி, பெண்ணைத் தரேன், இந்த மந்திரமெல்லாம் உனக்கு மறந்துபோய்விட்டது. மூச்சு வாங்க என் கையைப் பிடித்து, "வாங்கோ அத்திம்பேர், ஆத்துக்குப் போலாம்" என்றாய்.

அந்த வார்த்தையை அதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொன்னதில்லை. "நம்மாத்துல ரெண்டு நாள் இரு" என்பார்கள், "எப்போ வேணா வா" என்பார்கள். கையைப் பிடித்து, போலாம் என்றவன் நீதான். அதனால்தான் உன் வாயால் அந்த இன்னொரு வார்த்தை வந்தது எனக்குத் தாங்கவில்லை.

எழுதிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ஸ்ரீகண்டன்


அடையாறு
19-10-2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம். நீங்கள் சௌக்கியமா? இந்த வாரம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. ராத்திரியே எல்லாரும் போய்க் காரை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வந்தார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர், மூன்று நாளாகக் கரண்டு வருகிறது போகிறது. லிஃப்ட் ஓடவில்லை, பால் வாங்கப் படியேறி இறங்கி மூச்சு முட்டுகிறது. ரயில் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பேத்தி கலர் பென்சிலை எல்லாம் என் படுக்கையில் கொட்டி வைத்திருக்கிறாள், அதில் ஒன்றை எடுத்துத்தான் இதை எழுதுகிறேன். பச்சை எழுத்தாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கூடத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், அதனால் மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். அந்த நாளைப் பற்றி இனி எழுத வேண்டாம் அத்திம்பேர். என்னால் தாங்க முடியவில்லை. நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. ஃபிலிம் ரோல் வாங்கப் போனவன், ஓடி வந்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் பஸ் ஏறாதீர்கள்.

ஜம்பு


மயிலாப்பூர்
17-11-2024

ஜம்புவுக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்குப் பட்சணம் நானே கிளறினேன். தேங்காய் பர்பியாக ஆரம்பித்தது, அல்வாவாக முடிந்தது. தேவானையின் பேரன் ஜவஹர் நன்றாக இருக்கிறது என்றான். நல்ல மனசுக்காரன்.

போன வாரம் அடையாறு பக்கம் பஸ்ஸில் போனேன். உங்கள் தெரு முனையைக் கடந்துதான் பஸ் போயிற்று. இறங்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் உனக்கு வேலை கெடும்.

வாசலில் நெல்லிமரம் இந்த வருஷம் காய்த்ததா? சந்திரிகா கிளை பிடித்து உலுக்குவாள், நீ கீழே துண்டை விரித்துக்கொண்டு நிற்பாய். சும்மா நினைவு வந்தது, கேட்டேன்.

ராத்திரி தூக்கம் வருகிறதா? கட்டிலில்தானே படுக்கிறாய்? தரையில் படுத்தால் உன் முதுகுக்கு ஆகாது.

எனக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒற்றை அறையாக நிறைய வந்தது. தரகர் ஹபீபுர் ரஹ்மான் பொறுமைசாலி, ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். எனக்குத்தான் திருப்தி இல்லை. ரெண்டு அறையாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "தனி ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு ரூமு?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

ஸ்ரீகண்டன்


அடையாறு
8-12-2024

அத்திம்பேருக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலமே.

நெல்லி நன்றாகக் காய்த்திருக்கிறது. கிளை தாழ்ந்து கிடக்கிறது. ஊறுகாய் போட்டு அனுப்புகிறேன். கட்டிலில்தான் படுக்கிறேன், நல்ல தூக்கம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் கொஞ்ச காலம் போய் இருக்கலாம் என்று உத்தேசம். காற்று நன்றாக இருக்குமாம், மலை தெரியுமாம். நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர், பஜனை எல்லாம் இருக்கிற இடம். பையன் மகேஷ்தான் விசாரித்து ஏற்பாடு செய்தான். அவனுக்குப் புனேவுக்கு மாற்றலாகிவிட்டது, அங்கே அவன் மாமனார் மாமியாரும் வந்து இருக்கப்போகிறார்கள். அவன்மேல் தப்பில்லை. நானும் சரி என்றுதான் சொன்னேன். அவன் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

அதனால் மாடி அறையை எதிர்பார்க்க வேண்டாம். என்னால் முடியவில்லை அத்திம்பேர். நல்ல இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள். புது விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன். உங்களை அன்றைக்குத் திட்டினேனே, இப்போது ஊர் விட்டு ஊர் போகிறவன் நான்தான். வாய்க்கொழுப்புக்குக் கை மேல் பலன்.

ஜம்பு


மயிலாப்பூர்
22-12-2024

ஜம்புவுக்கு ஆசீர்வாதம். மார்கழிக் குளிரில் மஃப்ளர் கட்டிக்கொள்.

என்றைக்குப் பயணம்? எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய்? வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வர மாட்டேன், பயப்படாதே. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ரீகண்டன்


அடையாறு
2-1-2025

அத்திம்பேருக்கு நமஸ்காரம். பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பயணம். விடிந்ததும் கிளம்பினால் ரயிலுக்குச் சரியாக இருக்கும். தயவுசெய்து வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது.

அக்கா படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, பச்சைப் புடவையில். எடுத்துப் போகிறேன்.

ஜம்பு


12-1-2025, ஞாயிறு

சிரஞ்சீவி ஜம்புவுக்கு ஆசீர்வாதம்.

இதைத் தபாலில் போடவில்லை. உன் அடுக்குமாடி காவல்காரர் கையில் கொடுத்து மேலே அனுப்புகிறேன். ஆமாம், வேளச்சேரியில்தான் நிற்கிறேன். ஜன்னலைத் திறந்து கீழே பார். பார்க்கிங் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் நிற்பான். மழை இல்லை. குடை கல்யாணக் குடை, கம்பி நாலு தடவை மாற்றியாகிவிட்டது.

நவம்பரில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். இறங்கினேன். உங்கள் வீடு இருந்த இடத்தில் நீலத் தகரம் அடைத்திருந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். வீடும் இல்லை, மாடி அறையும் இல்லை. நெல்லிமரத்தின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. தெரு முனையில் துணி தேய்க்கிற இனாயத் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். "வீட்டை வித்து ரொம்ப நாளாச்சு சார். உங்களுக்குத் தெரியாதா?" என்றான். என் கடிதங்களை அவன்தான் தபால்காரரிடம் வாங்கி வைத்து, நீ வரும்போது கொடுக்கிறானாம். "வேளச்சேரியிலேர்ந்து பஸ் புடிச்சு வர்றாரு சார் பாவம். இங்கயே வண்டிப் பக்கத்துல நின்னு படிப்பாரு." அப்புறம்தான் உன் உறைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேளச்சேரி முத்திரை. மேம்பாலத்தில் கார் நிறுத்தினார்கள் என்றாயே, லிஃப்ட் ஓடவில்லை என்றாயே, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் துக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

கோயம்புத்தூர் முதியோர் இல்லத்தைப் பற்றியும் அன்றைக்கே இனாயத் சொன்னான். போன தடவை என் கடிதத்தை அவனிடம் வாங்கும்போது கண் கலங்கினாயாம்.

இல்லாத அறைக்கு ஒழுகுகிறது என்று எழுதினாயே, அப்போது உன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! வீடு இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். உனக்கு வெட்கம். கேட்பதற்கு முன்னால் பெட்டியைக் கட்டிவிடுகிற வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், உனக்கும் தொற்றிவிட்டது.

மகேஷிடம் நேற்று பேசினேன், இந்த விலாசமும் அவன் கொடுத்ததுதான். "அப்பா ஒத்துப்பாரா அத்திம்பேர்?" என்று அவன் கேட்டான். கேட்கும்போது அவன் குரல் சரியாக இல்லை. அவனைத் தப்பாக நினைக்காதே. லீவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நம்மிடம் வருவான்.

மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷன். பழைய கட்டிடம்தான், ஆனால் ரெண்டு அறை. ஒன்றில் கட்டில் போட்டிருக்கிறது, அது உனக்கு. ஜன்னலுக்கு நேராக ரயில் போகிறது, நீ அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டாய். தேவானை வீட்டைக் கழுவி வாசலில் கோலம் போட்டிருக்கிறாள். "தம்பி எப்ப சார் வருது?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்கு வயது என்னவென்று நான் சொல்லவில்லை.

ஒருவேளை எனக்கும் சொல்ல வேண்டிய மந்திரம் மறந்துபோகலாம். தேங்காய் வாங்கி வந்திருக்கிறேன். வாத்தியார் இல்லை, நாயனம் இல்லை, போட்டோ எடுக்க ஆள் இல்லை. நீ அன்றைக்கு லஸ் முனையில் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். வா ஜம்பு, ஆத்துக்குப் போலாம்.

பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு இறங்கு, என் முழங்கால் படியேறாது. சாதம் வடித்து, ரசம் வைத்து, தட்டுப் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். சீக்கிரம் வாடா, பரதேசி. ஆறிப்போகிறது.

ஸ்ரீகண்டன்